தரவையில் இரவு தங்கப் போறீங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதியில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கோ தெற்கே பாணமைப் பக்கமோ போய், ஓர் இரவு தரவை என்னும் புல் வெட்டைவெளியில் கிடந்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசை மட்டக்களப்பு, அம்பாறை இளசுகளிடம் கூடிவருகிறது. அப்படிப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. வரிசை ஒன்றும் பெரிதாகக் கிடையாது. யானையைப் பற்றி மட்டும் தெரிய வேண்டுமென்றால் நேரே அங்கே போங்கள்.

தரவை யாருக்கும் சொந்தமில்லாத வெறும் நிலம்தானே? எங்கேயும் கூடாரம் போடலாமா?

கண்ணுக்குத் தெரிவது புல்லும் வானமும்தான். ஆனால் ஆளில்லாத தரவை என்று ஒன்றை இந்த இரண்டு மாவட்டங்களிலும் நான் கண்டதில்லை. ஒரு துண்டு உறுதியுள்ள தனியார் காணி. அடுத்த துண்டு அரசாங்கம் பெர்மிட் கொடுத்த காணி. அதற்கு அப்பால் வன இலாகாவின் எல்லைக் கல் நிற்கும். குளத்தோடு சேர்ந்த நிலம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, சில இடம் மகாவலி அதிகாரசபைக்கு. இத்தனைக்கும் மேலே, பரம்பரையாக அங்கே மாடு விடுகிற பட்டிக்காரர் இருக்கிறார். அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த நிலத்தை இரவிலும் பகலிலும் அறிந்த ஆள் அவர்தான்.

அதனால் இடத்தைத் தேடுவதற்கு முன் ஆளைத் தேடுங்கள். வயல் பக்கம் என்றால் வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானையைக் கேளுங்கள். மேய்ச்சல் தரை என்றால் பட்டிக்காரர். ஊரில் யாரையும் தெரியாவிட்டால் கிராம சேவகர். “அண்ணே, நாளைக்கு ராவைக்கு நாங்க ஆறு பேர் இந்த மேட்டில படுத்தெழும்பிப் போகலாமா?” என்று கேட்டால் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் வரும் பதில், “அந்த மேடு வேணாம் தம்பி, ஆனை இறங்குற பக்கம். வாடிக்குக் கிட்டப் போடுங்க.” வாடி என்றால் காவல் குடில். அனுமதியும் கிடைத்தது, எந்தப் படத்திலும் இல்லாத தகவலும் கிடைத்தது. கூகுள் மேப்பில் பச்சையாகத் தெரிகிறது என்று கிளம்பிப் போகிறவர்களுக்கு இந்த இரண்டுமே கிடைப்பதில்லை.

மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் போகலாமா என்றும் கேட்கிறார்கள். 2023 முதல் அந்த மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் போராடி வருகிறார்கள். மாடு வைத்திருப்பவனே பதைப்போடு நிற்கும் இடத்தில் போய்க் கூடாரமடித்துப் படம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

லண்டனில் இருந்து மச்சான் வாறார். அங்கே மூர் என்கிற மேட்டுப் புல்வெளிகளில் கேட்காமலே தங்குவார்களாம். இங்கே மட்டும் ஏன் இந்தக் கேள்வி விசாரணை?

அங்கேயும் எல்லா இடத்திலும் முடியாது. ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் திறந்த வெளிகளில் பொறுப்போடு நடமாடவும் தங்கவும் உரிமை கொடுக்கிறது. இங்கிலாந்தில் டார்ட்மூர் ஒன்றுதான் பெரிய விதிவிலக்கு. அங்கே காணிச் சொந்தக்காரர் வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம்தான் கூடாரம் போடும் உரிமை உறுதியானது. இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் சொந்தக்காரரைக் கேட்டுத்தான் தங்க வேண்டும்.

நம் நாட்டில் அப்படியொரு பொது உரிமை கிடையாது. தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒதுக்கக் காடுகளுக்கு 1907ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம். இந்த எல்லைகளுக்குள் அனுமதியில்லாமல் இரவு தங்கினால் தண்டப்பணம் மட்டுமல்ல, வழக்கும் வரும்.

மச்சானிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அங்கே மூர் என்பது ஊறின கரி மண், மூடுபனி, எலும்பைத் துளைக்கும் குளிர். அவர் கொண்டுவரும் தடித்த உறக்கப் பை இங்கே ஆடி மாதத்தில் வியர்வைப் பைதான். வலை வைத்த மெல்லிய கூடாரம் இருந்தால் அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முதல் தடவை போகிறோம். எங்கே போனால் நல்லது?

தெரிந்தவர் ஒருவரின் அறுவடை முடிந்த வயலுக்கு. இது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனால் என் பதில் மாறாது. சூடடித்து முடிந்த வட்டையில், அதாவது வயல்வெளியில், நான்கு பக்கமும் வெளி தெரியும், வாடி ஒன்று இருக்கும், உழவு இயந்திரம் போகும் பாதை இருக்கும். நட்சத்திரம் அங்கேயும் அதே நட்சத்திரம்தான். கொக்கட்டிச்சோலைப் பக்கம், வவுணதீவு, வெல்லாவெளி, அம்பாறையில் திருக்கோவில், அக்கரைப்பற்றுக்கு மேற்கே விரியும் வயல்வெளிகள் என்று உறவுக்காரர் யாராவது ஒருவருக்கு எங்கேயாவது ஒரு துண்டு இல்லாமலா போகும்?

கடற்கரை வெட்டை வேண்டுமென்றால் வாகரைப் பக்கம், அல்லது தெற்கே பாணமைக்கு அப்பால் உகந்தை. உகந்தமலை முருகன் கோயில் சூழலில் அடியார்கள் தங்குவது வழக்கமான விடயம். ஆனால் அது கோயில் நிலம். மாமிசமும் மதுவும் இல்லாமல் இருக்க முடிந்தால் மட்டும் போங்கள், கோயில் ஆட்களிடம் சொல்லிவிட்டுத் தங்குங்கள்.

உகந்தைக்கு அருகில்தான் குமண தேசியப் பூங்காவின் வாசல். முன்பு யால கிழக்கு என்று இருந்தது, 2006இல் குமண என்று பெயர் மாறியது. உள்ளே வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய முகாமிடங்களில் முன்பதிவு செய்து தங்கலாம். மருத மர நிழலில் கும்புக்கன் ஆற்றங்கரை. செலவு கொஞ்சம் கூட. ஜீப் வேண்டும், திணைக்கள ஆள் கூட வருவார். உண்மையான காட்டு இரவு வேண்டுமென்றால் காசைக் கொடுத்து இதைச் செய்யுங்கள், எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒளித்துக் கூடாரம் போடாதீர்கள். 1954இல் பிரகடனமான கல்லோயா பூங்காவுக்கும், சேனாநாயக்க சமுத்திரக் கரைக்கும் இதே சட்டம்தான்.

குடும்பிமலை அடிவாரம் அழகான இடம், மறுக்கவில்லை. கிரானில் இருந்து புலிபாய்ந்தகல் வழியாகப் போகும் வீதி மாரியில் வெள்ளத்தில் மூழ்கிப் படகுப் போக்குவரத்தாகிவிடும். கோடையிலும் ஒதுக்கக் காடு எங்கே தொடங்குகிறது என்று வன இலாகாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு போங்கள்.

எந்த மாதம் சரி?

ஐப்பசியில் இருந்து தை வரை வேண்டவே வேண்டாம். நம் மழை முழுவதும் அந்தக் காலத்தில்தான் கொட்டுகிறது, புயலும் அப்போதுதான். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளியைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

எல்லோரும் சொல்வது வைகாசி முதல் ஆவணி வரை. மழை பெய்யாது, பாதை காய்ந்திருக்கும். ஆனால் கச்சான் காற்று இருக்கிறது. மேற்கே மலையைத் தாண்டி ஈரம் முழுவதையும் அங்கேயே கொட்டிவிட்டு, காய்ந்த சூடாக வந்து முகத்தில் அடிக்கும். பகலில் கூடாரத்துக்குள் இருக்க முடியாது. தண்ணீர் இரண்டு மடங்கு வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. சின்னக் குளங்கள் வற்றியதும் யானைகள் எல்லாம் தண்ணீர் மிஞ்சிய பெரிய குளங்களைத் தேடி வந்துவிடும்.

என்னைக் கேட்டால் மாசிக் கடைசியும் பங்குனியும். புல் இன்னும் பச்சை, காற்று மெல்லிசு, எங்கும் தண்ணீர் இருப்பதால் யானைகள் ஒரே இடத்தில் குவிவதில்லை. வயல் விளைந்து நிற்கும் பக்கத்தை மட்டும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்போக நெல்லுக்கு அவை வரும். சித்திரை வந்தால் பின்னேரத்து இடிமுழக்கம் தொடங்கிவிடும்.

நாள் பார்க்கும்போது நிலவையும் பாருங்கள். நட்சத்திரம் வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டி. முதல் தடவைக்காரருக்கு வளர்பிறைதான் நல்லது. இரவில் அசைவது மாடா யானையா என்று நிலவில் தெரியும்.

யானை வருமா?

வரும் என்று நினைத்தே திட்டம் போடுங்கள்.

பொழுது சாய்ந்ததில் இருந்து விடியும் வரை அவை நடமாடும் நேரம். காட்டில் இருந்து தண்ணீருக்கு, தண்ணீரில் இருந்து வயலுக்கு, விடிவதற்குள் திரும்பக் காட்டுக்கு. இந்தப் போக்குவரத்துக்குப் பழகிய தடங்கள் உண்டு. புதிய லத்தி, முறித்துப் போட்ட கிளை, உடம்பைத் தேய்த்துச் சேறு காய்ந்த மரம், ஈர மண்ணில் அகலத் தடம். பகல் வெளிச்சத்தில் கூடாரம் போடப் போகும் இடத்தைச் சுற்றி நடந்து இவற்றைத் தேடுங்கள். ஒன்று கண்டாலும் இடத்தை மாற்றுங்கள். இதற்காகவே பின்னேரம் மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்கிறேன். ஆறரைக்கு மேல் டோர்ச் வெளிச்சத்தில் லத்தி தேட முடியாது.

காட்டோரத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் படுக்காதீர்கள். கோடையில் குளம் வற்றியதும் உள்ளே விரிகிற பசும்புல் தரை கூடாரம் போட ஆசை காட்டும். அந்தப் புல்லுக்காகத்தான் அவையும் வருகின்றன. பொத்துவிலுக்குப் போகும் வழியில் லகுகல குளத்தைப் பகலில் வீதியில் நின்று பார்த்தாலே விளங்கும். அங்கே பெரு என்னும் நாணல்புல் மண்டிக் கிடக்கிறது, யானைக்கு அது விருந்து. பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அது தேசியப் பூங்கா, சுற்றுவட்டாரத்தில் தங்க நினைக்கவே வேண்டாம்.

யானை வேலி இருக்கும் ஊரில் வேலிக்கு ஊர்ப் பக்கமாகத் தங்குங்கள். வேலி இருந்தால் யானை வராது என்று பொருளில்லை, உடைத்தும் வரும். ஆனாலும் மறுபக்கத்தில் நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

உப்பு, அரிசி, வாழைப்பழம், மாம்பழம் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். நெல்லுக்கும் உப்புக்கும் வீட்டுச் சுவரையே இடிக்கிற பிராணிக்கு உங்கள் துணிச் சுவர் எம்மாத்திரம்? சாப்பாட்டுச் சாமான் வாகனத்துக்குள் கிடக்கட்டும். வாகனத்தின் முகம் வெளியேறும் பாதையைப் பார்த்து நிற்கட்டும், சாவி எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இரவில் தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் அது கல்யாண வீடு என்று நினைத்துத் திரும்பிப் படுக்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களம் கமக்காரருக்குக் கொடுக்கும் யானை வெடி அது. யாரோ ஒருவர் தன் வயலில் இருந்து யானையைக் கலைக்கிறார். கலைந்த யானை ஏதோ ஒரு திசையில் ஓடி வந்துகொண்டிருக்கிறது. எழுந்து உட்கார்ந்து திசையைக் கவனியுங்கள்.

கிட்ட வந்துவிட்டால்? கத்தாதீர்கள், முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்து விளையாடாதீர்கள், படம் எடுக்காதீர்கள். சத்தமில்லாமல் வாகனத்துக்கோ வாடிக்கோ ஒதுங்குங்கள். கூடாரத்தை மிதித்தால் மிதித்துவிட்டுப் போகட்டும். தனியன் என்றால் இன்னும் தள்ளி நில்லுங்கள், கூட்டத்தை விட அதுதான் கணிக்க முடியாதது. ஓடித் தப்பலாம் என்ற நினைப்பை விடுங்கள், மனிதனை விட அது வேகம்.

கரடி, சிறுத்தை, முதலை?

கரடிக்கு ஒரு பருவம் உண்டு. ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுத்து உதிரும்போது பாலை மரத்தடிக்கு வரும். நிழல் நன்றாக இருக்கிறதென்று அந்த மரத்தின் கீழ் படுக்கக் கூடாது. பழம் பொறுக்கப் போகிறவர்களும் சத்தம் கொடுத்துக்கொண்டு போவது இதற்காகத்தான். திடுக்கிட்ட கரடி முகத்தைத்தான் குறிவைக்கும்.

சிறுத்தை உங்களைக் காணும், நீங்கள் அதைக் காணமாட்டீர்கள்.

முதலை குளத்திலும் இருக்கிறது, வாவியிலும் ஆற்றிலும் இருக்கிறது. இரவில் கால் கழுவக்கூடத் தண்ணீர் ஓரம் போக வேண்டாம். கூடாரம் கரையில் இருந்து நூறு மீற்றராவது தள்ளி இருக்கட்டும்.

மிருகங்களை விட்டால் வேறு என்ன பயம்?

மனிதன் வைத்துவிட்டுப் போனவை. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு யானையை விட இதுதான் பயம். காட்டுப் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ ஓடும், தட்டினால் வெடிக்கும். முழங்கால் உயரத்தில் சூடு விழும். சில இடங்களில் வயலைச் சுற்றிக் கள்ளத்தனமாக மின்சாரக் கம்பி இழுத்திருப்பார்கள். உணவுக்குள் மறைத்த பன்றி வெடியும் உண்டு. எல்லாமே சட்டவிரோதம், எல்லாமே நடக்கிறது.

ஆகவே இருட்டிய பின் புதிய தடத்தில் நடக்காதீர்கள். கடன் கழிக்கும் இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். “இந்தப் பக்கம் துவக்குக் கட்டியிருக்கா மாமா?” என்று நேரே கேளுங்கள். கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. வைத்தவரே தன் வாயால் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், “அங்கால போகாதீங்க மனே” என்பார். அது போதும்.

கண்ணிவெடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் பழைய யுத்த நிலத்தில் துருப்பிடித்த இரும்பு எதையாவது கண்டால் கையால் தொடாமல், அடையாளம் பார்த்து வைத்துவிட்டு 119க்குச் சொல்லுங்கள்.

பாம்புக்கு என்ன செய்வது?

கூடாரத்தின் சிப்பை எப்போதும் மூடி வையுங்கள். பாதிக் காரியம் அதிலேயே முடிந்தது. எண்ணெய் விரியன், அதாவது கட்டுவிரியன், தரையில் படுத்துத் தூங்குபவர்களை இரவில் கடிக்கும் பாம்பு. பல நேரம் வலி தெரியாது. நடுச்சாமத்தில் வயிற்று வலி, இமை கனத்து விழுதல் என்றுதான் தொடங்கும். எனவே திறந்த வெளியில் தறப்பாளை விரித்துப் படுப்பதை விட, அடித்துணியோடு தைத்த கூடாரம் எவ்வளவோ பாதுகாப்பு. புடையன் வேறு மாதிரி. புல்லுக்குள் அசையாமல் கிடக்கும், மிதித்தால்தான் கடிக்கும். அதற்குச் சப்பாத்தும் டோர்ச்சும். காலையில் சப்பாத்தை உதறாமல் காலை விடாதீர்கள்.

கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். மோதிரம், மணிக்கூடு, காப்பைக் கழற்றுங்கள். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டு போகத் தேவையில்லை, தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். ஊர்ப் பரிசாரியிடம் போய் ஒரு மணித்தியாலம் கழித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. அந்த ஒரு மணித்தியாலத்தில் போன உயிர்கள் உண்டு.

கூடாரம் எப்படிப்பட்டது வாங்க வேண்டும்? கதிர்காமம் நடக்கிறவர்கள் ஒன்றுமில்லாமல் தங்குகிறார்களே?

உண்மைதான், நம் மண்ணின் பெரிய முகாம் அனுபவசாலிகள் அவர்கள்தான். ஆடிவேல் விழாவுக்கு முன் உகந்தையில் காட்டுப் பாதை திறந்ததும் குமண, நாவலடி, வியாழை என்று தங்கித் தங்கிக் கதிர்காமம் வரை நடக்கிறார்கள். பையில் இருப்பது ஒரு பாய், ஒரு போர்வை, அவல், கொஞ்சம் அரிசி பருப்பு, ஒரு சட்டி. ஆனால் அவர்கள் தனியாகப் படுப்பதில்லை. நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில், அரோகரா முழக்கத்தோடு, படையினரும் திணைக்களமும் தண்ணீருக்கு ஏற்பாடு செய்த பாதையில் போகிறார்கள். நான்கு பேர் தரவையில் அதே மாதிரிப் படுத்தால் அது வேறு கதை. அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது சுமையைக் குறைக்கும் கலையை.

கூடாரத்தில் நான் பார்ப்பது மூன்றே விடயம். இரண்டு பக்கமும் வலைக் கதவு, நுளம்புக்கும் காற்றுக்கும். தரையோடு சேர்த்துத் தைத்த அடித்துணி. நல்ல முளை. கடையில் கூடாரத்தோடு கொடுக்கும் அலுமினியக் குச்சி ஆவணித் தரவையில் இறங்காது, மண் கல்லாகக் கிடக்கும். இரும்புக் கடையில் தடித்த கம்பியை வெட்டி வளைத்து எடுத்து, ஒரு சுத்தியலும் கொண்டுபோங்கள். கடற்கரை மணலில் எந்த முளையும் பிடிக்காது. அங்கே உரப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்துவிட வேண்டும். கச்சான் காலத்தில் கூடாரத்தின் முதுகு மேற்கே, வாசல் கிழக்கே.

மாடு மேய்ந்த தரையில் உண்ணி இருக்கும். காலையில் கணுக்காலையும் இடுப்பு மடிப்பையும் பாருங்கள்.

தண்ணீர் எவ்வளவு? குளத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

சமையலையும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர், கச்சான் காலத்தில் ஏழு. ஊரில் இருந்தே கானில் கொண்டுபோங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், களைநாசினி போகாது. வயலைச் சுற்றிவந்த தண்ணீரில் எந்த மருந்து எப்போது அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கை கழுவ, சட்டி கழுவ மட்டும் அது போதும். காலில் புண் இருந்தால் வயல் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அங்கே நிற்கிறது. போய் வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் தசை நோவும் வந்தால், வயலுக்குப் போனதை டாக்குத்தரிடம் முதலில் சொல்லுங்கள்.

சாப்பாடு?

முதல் இரவுக்கு வீட்டில் கட்டிய சோறு. காலைக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும். பட்டிக்காரர் பக்கத்தில் இருந்தால் தயிர் கேட்டுப் பாருங்கள், காசு கொடுத்து வாங்குங்கள், சும்மா தந்தாலும் தேயிலை, சீனி ஏதாவது கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கருவாடு பொரிக்கும் ஆசையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், அந்த வாசத்துக்குக் காட்டில் உள்ள எல்லாம் வரும்.

நெருப்பு மூட்டலாமா? அது இல்லாமல் என்ன முகாம்?

மாசி, பங்குனியில் மூட்டலாம். குழி தோண்டி, சுற்றிப் புல்லைச் செதுக்கி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு. ஆனியில் இருந்து புரட்டாதி வரை கூடாது. காய்ந்த தரவையில் ஒரு பொறி விழுந்து கச்சான் பிடித்தால் நீங்கள் ஓடி அணைக்க முடியாது. எரிவது ஒரு ஊரின் மாடுகளுக்கு மழை வரும் வரைக்குமான தீனி. நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள், பட்டிக்காரர் போக முடியாது. அந்த மாதங்களில் சின்னக் காஸ் அடுப்பில் தேத்தண்ணி வைத்தால் போதும். அதையும் வாகனத்தின் மறைவில், வெறும் மண்ணில்.

நெருப்பைக் கண்டால் யானை வராது என்பதை நம்பிப் படுக்காதீர்கள். பரணில் தீவட்டியோடு காவல் இருந்த கமக்காரரைக் கேளுங்கள், பழகிய யானை நெருப்பைச் சுற்றிக்கொண்டு வரும் என்பார்.

காலையில் சாம்பலில் கையை வைத்துப் பாருங்கள். சூடு இருந்தால் இன்னும் தண்ணீர் ஊற்றுங்கள்.

திடீரென்று மழையோ இடியோ வந்தால்?

மின்னல் வெட்டியதில் இருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் கேட்டால் வாகனத்துக்குள் ஏறிக் கண்ணாடியை மூடுங்கள். வெட்டையில் தனித்து நிற்கும் மரம்தான் மின்னல் தேடும் மரம், அதன் கீழ் ஒதுங்கக் கூடாது. கூடாரம் மின்னலுக்குக் காவல் இல்லை.

ஆற்றுப் படுக்கையிலும் ஓடைக் கரையிலும் படுக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கலாம், மேற்கே மலைப்பக்கம் பெய்த மழை இரவில் வந்து சேரும். மாரியில் உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான்கதவு திறந்தால் கீழே வட்டைகளில் தண்ணீர் ஏறும். போவதற்கு முதல் நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

பெண் பிள்ளைகளும் சேர்ந்து போகலாமா?

தாராளமாக. மேலே சொன்னவை எல்லாம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். கூடுதலாக ஒன்று: வாடியில் ஒரு குடும்பம் தங்கியிருக்கும் வயலாகப் பாருங்கள், வெறும் ஆண்கள் காவல் இருக்கும் இடமாக வேண்டாம். அந்த வீட்டு அக்காவிடம் முதலே பேசிவிட்டால் கழிப்பிடம், குளிப்பு எல்லாம் பிரச்சினை இல்லாமல் போகும். இடத்தையும் நேரத்தையும் முகநூலில் நேரலையாகப் போடாதீர்கள். படத்தை வீட்டுக்கு வந்து போடலாம்.

மூர் மாதிரியே குளிரும் புல்வெளியும் வேண்டும் என்றால்?

ஹோட்டன் சமவெளி. கடல் மட்டத்தில் இருந்து 2,100 மீற்றருக்கு மேல், 1988 முதல் தேசியப் பூங்கா. தை மாதத்து விடியலில் புல்லில் உறைபனி படியும். அங்கே மச்சானின் தடித்த உறக்கப் பை வேலை செய்யும். செங்கலடியில் இருந்து ஏ5 வீதியால் மகா ஓயா, பிபிலை, பதுளை வழியாக ஏறலாம். அங்கும் திணைக்களம் ஒதுக்கிய இடத்தில் முன்பதிவோடு மட்டும்தான். மகா ஓயாவில் வெந்நீரூற்று இருக்கிறது, திரும்பி வரும்போது உடம்பு நோவுக்கு நல்லது.

போன் எடுக்காத இடத்தில் அவசரம் வந்தால்?

போவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம் கடதாசியில் எழுதிக் கொடுங்கள்: எந்த ஊர், யாருடைய வாடி, எந்த வாகனம், நாளை எத்தனை மணிக்குள் அழைப்பேன். அந்த நேரம் தாண்டினால் வட்டவிதானைக்கோ கிராம சேவகருக்கோ அவர் அழைக்க வேண்டும். கூடாரம் போட்டதும் சுற்றி நடந்து எந்த மேட்டில் சிக்னல் எடுக்கிறது என்று பார்த்து வையுங்கள். டயலொக்கும் மொபிடெலும் இரண்டும் குழுவில் இருந்தால் நல்லது.

அம்புலன்ஸ் 1990, காசு இல்லை. பொலிஸ் 119. வெள்ளம், புயல் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. அம்புலன்ஸ் தரவைக்குள் இறங்காது, வீதி வரை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். படுவான்கரையில் தங்குபவர்கள் திரும்பும் வழியையும் யோசித்து வையுங்கள். அம்பிளாந்துறை–குருக்கள்மடம் படகுப் பாதையை நம்பி நடுச்சாமத்தில் துறையில் போய் நிற்க முடியாது. 2014இல் திறந்த மண்முனைப் பாலம் எத்தனை நிமிடத் தூரம் என்று பகலிலேயே ஓடிப் பாருங்கள்.

கொஞ்சம் குடிக்கலாமா?

குடிக்க வேண்டுமென்றால் வீட்டில் குடியுங்கள். யானை வந்தால் எழுந்து நடக்கக்கூடிய ஆட்கள்தான் தரவையில் வேண்டும். போத்தலை உடைத்துவிட்டு வருகிறவர்களால் மாட்டின் குளம்பு பிளந்து, அடுத்து வருகிறவர்களுக்கு அந்த ஊர் கதவை மூடிவிடுகிறது.

எங்கள் நாயைக் கூட்டிப் போகலாமா, காவலுக்கு?

வேண்டாம். நாய் யானையைக் கண்டதும் போய்க் குரைக்கும், யானை திரும்பினால் எசமானைத் தேடி ஓடி வரும், யானை பின்னால் வரும். சிறுத்தைக்கோ நாய் இரை. பட்டிக்காரரின் நாய்கள் அந்தத் தரையிலேயே பிறந்து வளர்ந்தவை, எதைக் கண்டு எப்படிக் குரைக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். வாடிக்குக் கிட்டப் படுத்தால் அவற்றின் காவல் உங்களுக்கும் சேர்த்துத்தான். வந்தவுடன் அவற்றுக்கு ஒரு ரொட்டித் துண்டைப் போட்டு முகம் பழக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு முழுக்க உங்களைப் பார்த்தே குரைக்கும்.